செவ்வாய்க்கிழமை எட்டு மணி வரைக்கும்

தென்கொரியாவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆறு நாள் முன்னாலிருந்து கருத்துக்கணிப்பு எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்ட மகராசர்கள் என்ன நினைத்துப் போட்டார்களோ, ஜனங்களுக்கு அந்த ஆறு நாளும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். கணக்கு கிடைக்கவில்லை என்றால் சும்மா இருக்கிற ஜனமா இது? பாட்டுக்காரன் சட்டை என்ன நிறம், நடிகை நகத்தில் என்ன பூச்சு, எவன் எத்தனை விரலைக் காட்டிச் சிரிக்கிறான் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட ஆரம்பித்துவிடும். நீலம் என்றால் ஒன்றாம் நம்பர் வேட்பாளர். சிவப்பு என்றால் இரண்டாம் நம்பர். சியோலில் ஒரு நடிகை தக்காளி தின்கிற படத்தைப் போட்டுவிட்டு மூன்று நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் பாடகன் ஹேஜுனின் மேனேஜர் யோம், ரசிகர் மன்றத்தின் எல்லாக் கிளைகளுக்கும் முன்கூட்டியே சுற்றறிக்கை அனுப்பியிருந்தான். படத்தில் யாரும் விரலைக் காட்டக் கூடாது. கையைத் தூக்கினால் முஷ்டியாகத்தான் தூக்க வேண்டும். நீலப் பூவும் சிவப்புப் பூவும் கூடாது. மன்றத்துக்குள் அரசியல் மூச்சே விடக் கூடாது. ஹேஜுனுக்கு ஒரு மாதமாகச் சாம்பல் நிறச் சட்டைதான். இவ்வளவும் யோசித்த புத்திசாலிக்கு, மன்றத்து மேல்சட்டையே மாதுளம்பூச் சிவப்பு என்பது உறைக்கவில்லை. நாலு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, அது ஒரு நிறம் என்பதே எல்லோருக்கும் மறந்து போயிருந்தது.

தேஜோன் நகரத்துக் கிளைத் தலைவி மால்சுன்னுக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு அறுபத்து மூன்று வயது. ரயிலடிச் சந்தையில் பதார்த்தக் கடை வைத்திருந்தாள். கிம்ச்சி ஊறுகாய், சோயாவில் சுண்டவைத்த கறுப்புப் பயறு, தாமரைத் தண்டு, எள்ளெண்ணெய் விட்ட கீரை என்று தட்டுத் தட்டாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் விலையைத் தன் கையால் எழுதிச் செருகியிருப்பாள். எதிரே, ஐந்தே எட்டு வைத்தால், கும்ரேயின் கருவாட்டுக் கடை. புருஷன் செத்த பிறகு நாலு மாதம் கதவைத் திறக்காமல் கிடந்த மால்சுன்னை, கதவிடுக்கில் கைபேசியை வைத்து ஹேஜுன் பாட்டைப் போட்டு எழுப்பியவள் கும்ரேதான். "அக்கா, இந்தப் பையன் பாட்டை ஒரு வாட்டி கேளு. அதுக்கப்புறம் சாகறதுன்னா சாவு" என்றாள். மால்சுன் கேட்டாள். சாகவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. அதில் ஒரு அதிசயம் உண்டு. மால்சுன் கிழக்கே ஆன்டோங்கில் பிறந்தவள். கும்ரே மேற்கே மொக்போக்காரி. தேர்தல் என்று வந்தால் கிழக்கு இரண்டாம் நம்பர், மேற்கு ஒன்றாம் நம்பர்; பாம்பும் கீரியும்தான். இந்த நாலு வருஷத்தில் ஒருத்தி மற்றவளிடம் ‘யாருக்குப் போட்டே?’ என்று கேட்டதில்லை. அந்தக் கேட்காமையில்தான் சிநேகிதம் பிழைத்திருந்தது.

வியாழக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே, இரண்டு பேருமாக முன்கூட்டி ஓட்டுப் போடும் சாவடிக்குப் போனார்கள். தூறலாக இருந்ததால் மால்சுன் மன்றச் சட்டையை மாட்டிக்கொண்டாள். கும்ரேயின் சட்டையில் முந்தின நாள் மீன் தண்ணீர் கொட்டி, அது தோய்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. திரை மறைப்புக்குள் போன மால்சுன், முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வேட்பாளர்கள் இரண்டு பேரும் டிவியில் விவாதித்ததை முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து கேட்டிருந்தாள். கேட்டு முடித்தபோது அவள் மனசு மாறியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றாம் நம்பரில் குத்தினாள். ஆன்டோங்கிலிருக்கும் அண்ணனுக்குத் தெரிந்தால், ‘அப்பா திதிக்குக்கூட வாசல் மிதிக்காதே’ என்பார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, சாவடிப் பலகை பக்கத்துல நில்லு. ஒரு போட்டோ எடுத்துடறேன்" என்றாள் கும்ரே.

மன்றத்துக்காரர்கள் எப்போதும் முதுகைக் காட்டித்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். முதுகில்தானே பையன் பேர் இருக்கிறது? மால்சுன் திரும்பி நின்றாள். சுற்றறிக்கை சொன்னபடி விரலை எல்லாம் நன்றாக மடக்கி முஷ்டியைத் தூக்கினாள். மாதுளைச் சிவப்பில் ‘ஹேஜுன்’ என்று இருந்தது. அதன் கீழே, தேஜோன் இரண்டாவதாகத் தொடங்கிய கிளை என்பதால், சாண் உயரத்துக்கு ஒரு ‘2’. ‘தேஜோன் கிளை, கடமை முடிந்தது’ என்று எழுதி மன்றத்தின் பக்கத்தில் போட்டுவிட்டு, பயறு சுண்டவைக்கப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் அந்த முதுகை நாடே பார்த்துவிட்டது.

‘ஹேஜுன் படை இரண்டாம் நம்பர் பக்கம்’ என்று ஒருவன் போட்டான். ‘கணிப்பை மறைத்தார்கள், பாட்டிமார் முதுகில் எழுதிக் காட்டிவிட்டார்கள்’ என்று இன்னொருவன். சாயங்காலம் பின்னூட்டம் நாலாயிரம் தாண்டியது. வசவில் பாதி ஹேஜுனுக்கு, பாதி மால்சுன்னுக்கு. யாரோ அவள் கடையைக் கண்டுபிடித்து, சாப்பிடாமலே ‘கீரையில் புழு’ என்று எழுதினார்கள். தொலைபேசி அடிக்கும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். மூச்சு மட்டும் கேட்கும்.

கும்ரே சும்மா இருக்கிற ஜாதியா? கருவாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைபேசியோடு உட்கார்ந்துவிட்டாள். "படம் எடுத்ததே நான்தாண்டா! எங்கக்காவுக்கு அப்படி ஒரு நெனப்பே கெடையாது. பச்சைக் கொழந்தை மாதிரி அவ!" என்று கிடைத்த இடத்திலெல்லாம் எழுதினாள். மேற்குக் கிளைக்காரிகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவுக்கு விலை போனாய் என்று கேட்டார்கள். சொந்த ஊரில் அவள் சித்தி மகள் பேச்சை நிறுத்தினாள். அதற்கும் கும்ரே மசியவில்லை.

"போனாப் போறாளுங்க. உன்னை எனக்குத் தெரியாதா? நீ எதுக்குக்கா அழறே?" என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் சூடாகச் சூப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் சியோலிலிருந்து யோம் வந்தான். முப்பத்தைந்து வயசுக்குள் கண்ணுக்குக் கீழே கருவளையம். கடைக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டி போட்டே உட்கார்ந்தான்.

"அம்மா, ஹேஜுன் ரெண்டு நாளா சாப்பிடலை. ஞாயித்துக்கிழமை மத்தியான நிகழ்ச்சியில அவனைப் பாட விடலாமான்னு டிவிக்காரங்க யோசிக்கறாங்க. பத்து வருஷமா கல்யாண மண்டபத்துல பாடினவன். இப்பத்தான் ஒரு கதவு தொறந்துது. உங்களுக்குத் தெரியாததா?"

"நான் என்னப்பா செய்யணும்? சொல்லு, செய்யறேன்."

பையிலிருந்து கோடு போட்ட வெள்ளைத் தாளும் கறுப்புப் பேனாவும் எடுத்தான். கூடவே, அச்சடித்த ஒரு மாதிரிக் கடிதம். மன்னிப்புக் கடிதம் என்றால் கைப்பட எழுத வேண்டும். டைப் அடித்ததை எவனும் சட்டை பண்ண மாட்டான். மால்சுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ‘நான் இரண்டாம் நம்பர் வேட்பாளரின் ஆதரவாளர். என் ஆதரவைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே அந்தச் சட்டையை அணிந்தேன். பாடகருக்கோ மன்றத்துக்கோ இதில் சம்பந்தமில்லை.’

"இது பொய்யில்லையாப்பா? எனக்குத் தோணவே இல்லியே!"

"தெரியும்மா. ‘தெரியாம நடந்துடுச்சு’ன்னு நேத்தே அறிக்கை விட்டோம். எவன் நம்பினான்? வேணும்னே செஞ்சேன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாத்தான் ஜனம் அடங்கும். கோபத்துக்கு ஒரு ஆள் வேணும்மா. அது அவனா இருந்தா அவன் முடிஞ்சான்."

மால்சுன் வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்ணாம் நம்பருக்குத்தாம்ப்பா போட்டேன்" என்றாள். அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

யோமுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அதை மூச்சு விட்டுடாதீங்க! ‘ஹேஜுன் ஆளு ஒண்ணாம் நம்பர்’னு கிழக்குப் பக்கம் கிளம்பிடும். ரெண்டு பக்கமும் சேர்ந்து அடிச்சா அவன் தாங்குவானா? நிரூபிக்கத்தான் முடியுமா? ஓட்டுச் சீட்டைப் படம் எடுத்திருந்தா ஜெயில். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஓட்டுப்பதிவு முடியுது. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க பொண்ணுகிட்டகூட. அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க. சத்தியம் பண்ணுங்கம்மா."

மால்சுன் சத்தியம் செய்தாள். ஊர் எதை வேண்டுமானாலும் நம்பிவிட்டுப் போகட்டும். எதிர்க்கடையில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு என்னைத் தெரியும் என்று நினைத்தாள். பாவி, அந்த ஒரு தைரியத்தில்தான் பேனாவை எடுத்தாள். இரண்டு தாள் அடித்தல் திருத்தலில் வீணானது. மூன்றாவதில், பயறு விலை எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில், பிசகில்லாமல் எழுதிக் கொடுத்தாள். யோம் இரண்டு கையாலும் வாங்கி, தலை தரையில் படும்படி வணங்கினான்.

சனிக்கிழமை காலை கடிதம் எல்லாக் கைபேசியிலும் இருந்தது. ஏழு மணிக்கு, கதவைப் பாதி தூக்கும்போதே, கும்ரே வாசலில் நின்றாள்.

"அக்கா, இது யாரோ எழுதிட்டுப் போட்டதுதானே?"

மால்சுன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். சந்து முனையில் ஒரு ஆள் குச்சியில் கைபேசியை மாட்டி இந்தப் பக்கமே காட்டிக்கொண்டிருந்தான். அதுவும் தவிர, கும்ரேயின் காதில் ஒன்றைப் போட்டால் பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி. அவள் ஆத்திரத்தில், அன்பில், எங்காவது கொட்டிவிடுவாள் என்று மால்சுன்னுக்குப் பயம்.

"உன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கா? தினமும் எதிர்ல பாக்கறேன். ‘வேண்டுமென்றே’ன்னு உன் கையால எழுதியிருக்கே. சொல்லு. நெசமா?"

"செவ்வாய்க்கிழமை எட்டு மணி வரைக்கும் என்கிட்ட எதையும் கேக்காதடீ. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

கும்ரே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "அதுவரைக்கும் கட்சிக்காரங்க வாயைக் கட்டியிருக்காங்களா?" என்றாள். "ரெண்டு நாளா உனக்காக ஊர் முழுக்க வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். என் கையாலயே படம் எடுக்க விட்டியே, அக்கா. நான் மொக்போக்காரின்னு தெரிஞ்சுதானே?"

மால்சுன் பாதியில் நின்ற கதவை முழுசாகத் தூக்கினாள். சத்தியம் பண்ணித் தொலைத்தாயிற்று. கும்ரே தன் கடைக்குப் போய், கருவாட்டு மூட்டைகளை வாசல் ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மத்தியானத்துக்குள் அங்கிருந்து இங்கே முகம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹேஜுன் பாடினான். சாம்பல் நிறச் சட்டை, குரலில் பிசிறே இல்லை. மால்சுன் முந்தானை இல்லாத குறையாக மேலங்கி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே பாட்டு கேட்டது. பாதியில் நின்றது.

அன்று மாலை ஒரு வண்டி வந்து, அவள் கடை வாசலில் மூன்று கால் வைத்த பெரிய வெள்ளைச் சாமந்தி வளையத்தை இறக்கிவிட்டுப் போனது. செத்தவர் வீட்டுக்கு அனுப்புகிற வளையம். கறுப்பு நாடாவில், ‘மால்சுன் அம்மையாருக்கு, ஆழ்ந்த அனுதாபங்களுடன்’ என்று இருந்தது. உயிரோடு இருக்கிறவள் பேரில்! அனுப்பியவர் பேர் இல்லை. அதை அப்புறப்படுத்த யாரும் உதவிக்கு வரவில்லை. அவளே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். திங்கட்கிழமை காலை இன்னும் இரண்டு நின்றன.

இன்னொரு பக்கத் தொல்லை வேறு. சிவப்புத் தொப்பி போட்ட பெரியவர்கள் கும்பலாக வந்து, "தேசத்தைக் காக்க வந்த தாயே!" என்று ரோஜாக் கொத்தை நீட்டி, இருந்த கிம்ச்சியை எல்லாம் வாங்கினார்கள். அவள் கையைப் பிடித்து இரண்டு விரலைத் தாங்களே விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆன்டோங்கிலிருந்து அண்ணன் கூப்பிட்டு, "நம்ம ரத்தம்டீ! இத்தனை வருஷத்துல முதல் தடவையா உன்னை நெனைச்சுப் பெருமையா இருக்கு" என்று அழுதார். மால்சுன் "ம்" என்றாள். புசானிலிருக்கும் மகள், "கடையை மூடிட்டு இங்க வந்துடும்மா. பயமா இருக்கு" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு" என்றாள் மால்சுன்.

திங்கட்கிழமை சாயங்காலம், கண்ணாடி போட்ட ஒரு வாலிபன் வந்தான். மரியாதையான பையன். தாமரைத் தண்டு நூறு கிராம் கேட்டான். மிச்சக் காசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, "நாளைக்கு எட்டு மணிக்கு வர்றோம்மா" என்றான்.

"எட்டு மணிக்குக் கடை இருக்காதேப்பா."

"பரவாயில்லைம்மா. நீங்க இருந்தாப் போதும்" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பில் வசவு எதுவும் இல்லை. அதனாலேயே மால்சுன்னுக்குப் பயமாக இருந்தது. தராசைக்கூடத் துடைக்காமல் கடையைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. சந்தையில் பாதிக் கடை மூடியிருந்தது. ஏழரை மணிக்கெல்லாம் சந்து முனையில் ஆள் சேர ஆரம்பித்தது. எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லை. மால்சுன் தன் சின்ன டிவியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பார்த்தாள். அவள் மனசில் ஜனாதிபதி இல்லை, ஹேஜுன்கூட இல்லை. எட்டு மணிக்குச் சொல்ல வேண்டிய நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் கும்ரே முதலில் திட்டுவாள், முதுகில் நாலு அறை அறைவாள், அப்புறம் அழுவாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்து, நாலு, மூன்று என்று திரையில் எண் இறங்கி, எட்டு மணி அடித்ததும் ஓட்டுப் போட்டு வந்தவர்களைக் கேட்ட கணிப்பு வெளியே வந்தது. ஒன்றாம் நம்பர் வெகு தூரம் முன்னால். சந்து முனையில் ஹோவென்று கூச்சல். மால்சுன்னுக்கும் ஒரு நொடி நெஞ்சு நிறைந்தது. அவள் போட்ட ஆளாயிற்றே! டிவியை அணைக்காமலே ஓடி, மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

"கும்ரே, எட்டு மணி ஆயிடுச்சுடீ! இப்பச் சொல்றேன், கேளு. நான் போட்டது ஒண்ணாம் நம்பருக்கு. அந்தக் கடுதாசி பையனைக் காப்பாத்த எழுதினது. யோம் எழுதிக் கொடுத்தான், நான் பார்த்து எழுதினேன். இதுவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

கும்ரே டிவியைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். திட்டவில்லை.

"முடிவு தெரிஞ்சு எத்தனை நிமிஷம் ஆச்சுக்கா?" என்று கேட்டாள். "மூணா, நாலா?"

"சத்தியமாடீ! எங்கம்மா மேல ஆணை!"

"விடியறதுக்குள்ள இந்த ஊர்ல ரெண்டுக்குப் போட்டவன்னு ஒருத்தன்கூட இருக்க மாட்டான், பாரு. ஜெயிச்சப்புறம் எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க." அவள் குரல் உடைந்தது. "சனிக்கிழமை வாசல்ல நின்னு கேட்டேனே! அப்ப இதைச் சொல்லியிருந்தா, ஊரே எதிர்த்து நின்னாலும் நம்பியிருப்பேனே அக்கா. இன்னிக்கு வந்து சொல்றியே. என்னை என்னன்னு நெனைச்சே?"

"கும்ரே..."

"வெளிய போ. ஆளுங்க வர்றாங்க. என் கடையில முட்டை விழ வேணாம்."

மால்சுன் வெளியே வந்ததும் பின்னால் இரும்புக் கதவு இறங்கியது. சந்தில் முப்பது, நாற்பது பேர். எல்லோர் முகத்திலும் ஜெயித்த சந்தோஷம். முன்னால் அந்தக் கண்ணாடி போட்ட பையன், கையில் முட்டை அட்டையோடு, நேற்று மாதிரியே தலை குனிந்து வணக்கம் சொன்னான். "அதோ பாரு, ரெண்டாம் நம்பர் பாட்டி! தோத்துட்டு அழறா பாரு!" என்று யாரோ கத்தினார்கள். அவள் அழுதது உண்மைதான். எதற்கு அழுகிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முதல் முட்டை தோளில் பட்டது.

ஐந்து எட்டு தூரத்தை ஓடிக் கடந்து தன் கடைக்குள் புகுந்து கதவை இழுத்து விட்டாள். தகரத்தில் முட்டைகள் விழுகிற சத்தம் நிற்கவில்லை. உள்ளே டிவியில் அவள் போட்ட ஆள் சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். பையில் கைபேசி அதிர்ந்தது. கும்ரேயோ என்று பதறிப் போய் எடுத்தாள். யோம் அனுப்பியிருந்தான்: ‘ரொம்ப நன்றிம்மா. மணி எட்டு ஆயிடுச்சு. இனிமே நீங்க தாராளமா பேசலாம்.’